கொதிப்பு மாத்திரையும் வாயின் ஈரமும்

இரத்தக் கொதிப்புக்கென்று வைத்தியர் எழுதிக்கொடுத்த மாத்திரையை வேளை தவறாமல் உட்கொண்டு, கொதிப்பும் அடங்கி, தலைச்சுற்றலும் நின்று, இனிக் கவலையில்லை என்று ஆறுதல் அடைந்திருக்கும் சமயத்தில், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது, சோறு தொண்டையில் இறங்க மாட்டேன் என்கிறது, நாலு வார்த்தை பேசுவதற்குள் ஒரு மிடறு தண்ணீர் வேண்டியிருக்கிறது என்று சிலர் முறையிடுவதுண்டு. கொதிப்பைத் தணிக்கும் மருந்துகள் எல்லாமே இந்தத் தொல்லையைத் தருவதில்லை. குளோனிடின் என்ற மருந்துதான் இவ்விஷயத்தில் பிரசித்தி பெற்றது. நம் ஊர் மருந்துக்கடைகளில் ஆர்காமின் என்ற பெயரில் கிடைப்பதும், சிறுநீரகம் பழுதுபட்டு, இரண்டு மூன்று மருந்துகளுக்கும் கொதிப்பு அடங்காமற்போனவர்களுக்கு மேலும் ஒன்றாகச் சேர்த்துக் கொடுக்கப்படுவதும் இதுவே. இதை உட்கொள்பவர்களில் நூற்றுக்கு நாற்பது பேருக்கு வாய் வறளுவதாக மருந்தைப் பற்றிய குறிப்பேடுகளே கூறுகின்றன.

இப்படி வாய் வறளக் காரணம் என்ன என்று கேட்டால், வீட்டிலுள்ள பெரியவர்கள் உடனே ஒரு சமாதானம் சொல்லிவிடுவார்கள். மேல்தொட்டியில் தண்ணீர் குறைந்தால் கீழே குழாயில் வரும் தாரையும் மெலியத்தானே செய்யும். அதுபோல இரத்தத்தின் அழுத்தம் குறையும்போது, அந்த இரத்தத்திலிருந்து ஊறிவரும் எச்சிலும் குறைந்துபோகிறது என்பார்கள். கேட்பதற்கு வெகு நியாயமாக இருக்கும் இந்தச் சமாதானம் முற்றிலும் தவறு. தவறு என்பது இன்று நேற்றுக் கண்டதன்று. குளோனிடின் என்ற பொருள் உலகத்தில் உருவாவதற்கு நூறு ஆண்டுகளுக்கு மேல் முன்னதாகவே, ஒரு நாயின் தாடையடியிலுள்ள சிறு சுரப்பி அதைத் தவறென்று நிரூபித்துவிட்டது.

கார்ல் லுட்விக் என்ற ஜெர்மானிய உடலியல் அறிஞர் 1847-இல் ஒரு கருவியை அமைத்தார். காகிதம் சுற்றிய உருளை ஒன்று மெதுவாகச் சுழன்றுகொண்டிருக்க, பிராணியின் தமனியோடு இணைத்த பாதரசக் குழாயின் ஏற்ற இறக்கத்தை ஒரு முள் அந்தக் காகிதத்தின்மேல் கோடாக வரைந்துகொண்டே போகும். கைமோகிராஃப் என்று பெயர் பெற்ற அந்தக் கருவியால்தான், இரத்த அழுத்தம் கண்ணால் பார்த்து மனத்தால் ஊகிக்கும் பொருளாக இருந்த நிலை மாறி, காகிதத்தில் பதிந்து பிறருக்கும் காட்டக்கூடிய பொருளாயிற்று. அதே லுட்விக், சில ஆண்டுகளுக்குப் பிறகு சூரிச் நகரத்தில் ஆசிரியராக இருந்தபோது, உமிழ்நீரின்பால் தம் கவனத்தைத் திருப்பினார். இரத்த அழுத்தத்தைக் காகிதத்தில் பதிக்கக் கற்றுக்கொடுத்த மனிதரே, உமிழ்நீர் அந்த அழுத்தத்தால் பிழிந்தெடுக்கப்படுவதன்று என்று காட்டியவரும் ஆனார் என்பது விஞ்ஞான சரித்திரத்திலுள்ள ரசமான பொருத்தங்களில் ஒன்று.

அவர் செய்தது இதுதான். நாயின் தாடையடிச் சுரப்பியிலிருந்து வாய்க்கு வரும் நாளத்தில் ஒரு குழாயைப் பொருத்தி, அதைப் பாதரச மானியோடு இணைத்தார். கழுத்துத் தமனியில் மற்றொரு பாதரச மானியை இணைத்தார். பிறகு அந்தச் சுரப்பிக்குச் செல்லும் நரம்பை மின்சாரத்தால் தூண்டினார். தூண்டியவுடன் உமிழ்நீர் குழாயில் ஏறத் தொடங்கியது. அழுத்தத்தால் ஊறுவதாயின், அது தமனியின் அழுத்தத்தோடு சமமாகும் இடத்தில் நின்றுபோயிருக்க வேண்டும். ஆனால் அது நிற்கவில்லை. தமனியின் பாதரசத்தையும் கடந்து மேலே ஏறிற்று. தாழ்ந்த இடத்து நீர் உயர்ந்த இடத்துக்குத் தானாக ஏறாது என்ற நியாயப்படி, இரத்தம் தன் அழுத்தத்தால் எச்சிலைத் தள்ளுகிறது என்ற வாதம் அன்றோடு விழுந்துவிட்டது. சுரப்பியின் அணுக்கள், நரம்பின் கட்டளையைக் கேட்டு, உப்பையும் அதன் பின்னே நீரையும் தாமாகவே உழைத்து வெளியேற்றுகின்றன. இரத்தம் அவற்றுக்கு வேண்டிய மூலப்பொருளைக் கொண்டுவந்து கொடுப்பதோடு சரி.

ஆனால் ஒரு கொள்கை விழுந்துவிட்டது என்பதற்காக அதன் அபிமானிகள் உடனே ஓய்ந்துவிடுவதில்லை. பிரான்ஸ் தேசத்தில் கிளாட் பெர்னார் 1858-இல், அதே நரம்பைத் தூண்டும்போது சுரப்பியிலிருந்து வெளியேறும் சிரை இரத்தம் தன் கருமை நீங்கிச் செக்கச் செவேலென்று ஓடுவதையும், சிரையே நாடிபோலத் துடிப்பதையும் கண்டார். சுரப்பியின் இரத்தக் குழாய்கள் அவ்வளவு அகலமாகத் திறந்துகொள்கின்றன. அப்படியானால், இரத்த ஓட்டம் பெருகுவதால்தான் உமிழ்நீர் பெருகுகிறது என்று மறுபடியும் வாதிக்க இடம் ஏற்பட்டதல்லவா? அந்த வாதத்துக்கு முடிவுரை எழுதியவர் பிரெஸ்லௌ நகரத்து ருடால்ஃப் ஹைடன்ஹைன். ஊமத்தை இனத்தைச் சேர்ந்த செடிகளில் கிடைக்கும் அட்ரோபின் என்ற விஷத்தை நாய்க்குச் செலுத்திவிட்டு அவர் அந்த நரம்பைத் தூண்டியபோது, இரத்தக் குழாய்கள் முன்போலவே விரிந்தன, இரத்தம் முன்போலவே பெருகி ஓடிற்று. எச்சில் மட்டும் ஒரு துளிகூட வரவில்லை. 1872-இல் வெளியான இந்தச் சோதனை, என் அபிப்பிராயத்தில், லுட்விக்கின் சோதனையைவிட நுட்பமானது. இரண்டு காரியங்கள் எப்போதும் சேர்ந்தே நடப்பதைப் பார்த்து, ஒன்றே மற்றதற்குக் காரணம் என்று மயங்கும் மனித சுபாவத்தை, அந்த இரண்டையும் விஷம் ஒன்றால் தனித்தனியே பிரித்துக் காட்டி அது திருத்திவிட்டது.

லுட்விக்கிடமும் ஹைடன்ஹைனிடமும் சென்று பயின்றவர் ருஷ்யாவின் இவான் பாவ்லோவ். மணி ஓசையும் நாயும் என்றவுடன் எல்லாருக்கும் நினைவுக்கு வரும் அந்த அறிஞர், கன்னச் சுரப்பியின் நாளத்தைக் கன்னத்துக்கு வெளியே திறக்கும்படி அமைத்து, எச்சில் துளித்துளியாக விழுவதைக் குழாயில் பிடித்து அளந்தார். அவர் கண்டவற்றுள் என்னை வெகுவாகக் கவர்ந்தது கூழாங்கல்லும் மணலும் பற்றியது. சுத்தமான கூழாங்கற்களை நாயின் வாயில் போட்டால், அது அவற்றை இப்படியும் அப்படியும் புரட்டிவிட்டு வெளியே தள்ளிவிடுகிறது. எச்சில் ஊறுவதில்லை, ஊறினாலும் ஓரிரு துளிதான். அதே கல்லைப் பொடித்து மணலாக்கி வாயில் இட்டால் எச்சில் பெருக்கெடுக்கிறது; ஏனெனில் மணலை நாக்கால் தள்ள முடியாது, அலசித்தான் வெளியேற்ற வேண்டும். பொருள் ஒன்றே, ஆனால் எது தள்ளத் தக்கது, எது கழுவத் தக்கது என்று தீர்மானிக்கும் ஓர் இடம் மூளையில் இருந்து, அங்கிருந்து சுரப்பிக்கு ஆணை இறங்குகிறது. ஜீரண உறுப்புகளைப் பற்றிய ஆராய்ச்சிக்காகப் பாவ்லோவுக்கு 1904-இல் நோபல் பரிசு கிடைத்தது.

இவ்வளவு தூரம் நாய்களைப் பற்றிப் பேசிவிட்டு இப்பொழுதுதான் மருந்துக்கு வருகிறேன். ஆனால் இந்தப் பழைய சோதனைகளை அறியாமல் மருந்தின் செயலை விளங்கிக்கொள்ள முடியாது. வாய் வறண்டால் சுரப்பி வறண்டது என்று மட்டும் பொருளன்று. நரம்பு மௌனமாகிவிட்டது என்றும் இருக்கலாம், அந்த நரம்புக்குக் கட்டளை இடும் மூளை மௌனமாகிவிட்டது என்றும் இருக்கலாம். குளோனிடின் எந்தப் படியில் நின்று தடுக்கிறது என்பதே பின்னால் வந்த ஆராய்ச்சியாளர்களின் கேள்வி.

அந்த மருந்து பிறந்த கதையே விசித்திரமானது. ஜெர்மனியில் போரிங்கர் இங்கெல்ஹைம் கம்பெனியின் இரசாயன சாலையில் ஹெல்முட் ஸ்டேலே என்பவர் 1962-இல் அதைத் தயாரித்தபோது, அவருக்குக் கொதிப்பைப் பற்றிய சிந்தனையே இல்லை. ஜலதோஷத்தால் மூக்கடைத்துக்கொண்டவர்களுக்கு, மூக்கின் உட்சவ்விலுள்ள இரத்தக் குழாய்களைச் சுருக்கி அடைப்பை நீக்கும் சொட்டு மருந்து ஒன்றையே அவர் நாடினார். எஸ்.டி. 155 என்ற எண்ணிட்ட அந்தப் பொருள் கம்பெனியின் வைத்தியர் ஒருவரிடம் சென்றது. அவருடைய காரியதரிசியான பெண்மணிக்கு அச்சமயம் ஜலதோஷம். மூக்கில் சில துளிகள் விடப்பட்டன. அந்த அம்மையார் உறங்கத் தொடங்கி, ஏறக்குறைய ஒரு நாள் முழுவதும் எழுந்திருக்கவே இல்லை. பரிசோதித்துப் பார்த்தபோது இரத்த அழுத்தம் தாழ்ந்திருந்தது, நாடி மெதுவாக ஓடிற்று, வாய் வறண்டு கிடந்தது. மூக்குக்கென்று செய்த மருந்து அன்றே கொதிப்பு மருந்தாக மாறிவிட்டது. 1966-இல் விற்பனைக்கும் வந்தது. அந்த முதல் நாளிலேயே, தாழ்ந்த அழுத்தம், மந்தமான நாடி, உறக்கம், வறண்ட வாய் ஆகிய நான்கும் ஒரே உடம்பில் ஒருங்கே தோன்றின என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். நான்கும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை என்பது விளங்குவதற்குப் பிராணிகளின் துணை தேவைப்பட்டது.

குளோனிடின், உடம்பில் இயல்பாகவே ஊறும் நார்அட்ரினலின் என்ற பொருளைப்போல நடிக்கும் ஒரு பொருள். நார்அட்ரினலினோ இரத்தக் குழாய்களைச் சுருக்கி அழுத்தத்தை ஏற்றுவது. அதைப்போல நடிப்பது மட்டும் அழுத்தத்தைக் குறைப்பானேன்? மயக்கமூட்டிய பிராணியின் சிரையில் இம்மருந்தைச் செலுத்தினால், முதலில் அழுத்தம் சற்று உயரவே செய்கிறது. மூக்கு மருந்தாக எதிர்பார்த்த குணம் அதுதான். பிறகு அது இறங்கி, இறங்கிய நிலையிலேயே நெடுநேரம் நிற்கிறது. வால்டர் கோபிங்கர் என்ற ஆராய்ச்சியாளர், சிரையில் செலுத்தினால் ஒன்றுமே செய்யாத அற்ப அளவைப் பூனையின் பின்மூளைக்கு அடியிலுள்ள திரவப் பையில் நேராகச் செலுத்தினார். அழுத்தம் இறங்கிவிட்டது. ஆகவே இரத்தக் குழாய்களுக்கு வெளியே, மூளையின் அடித்தண்டில், மருந்தின் பிரதான ஸ்தானம் இருக்கிறது என்பது 1960-களின் பிற்பகுதியில் தெளிவாயிற்று.

அங்கே அது செய்வது என்ன என்பதற்கு 1970-களில் விடை கிடைத்தது. நரம்பின் முனையிலிருந்து நார்அட்ரினலின் வெளியானதும், அதில் ஒரு பகுதி திரும்பிவந்து அந்த நரம்பின் முனையிலேயே ஓர் ஏற்பியில் அமர்ந்து, இது போதும், இனி விடாதே என்று தடுக்கிறது. இந்தத் தடை ஏற்பிக்கு ஆல்ஃபா-2 என்றும், இரத்தக் குழாயைச் சுருக்கும் ஏற்பிக்கு ஆல்ஃபா-1 என்றும் பெயரிடும்படி 1974-இல் சாலமன் லாங்கர் என்பவர் யோசனை கூறினார். குளோனிடினுக்கு நாட்டம் பெரும்பாலும் அந்தத் தடை ஏற்பியின்மேல்தான். ஆகவே அது மூளையடியில் சென்று சேர்ந்ததும், இதயத்தையும் இரத்தக் குழாய்களையும் முடுக்கிக்கொண்டிருக்கும் நரம்புகள் தளர்கின்றன. விழிப்பைக் காக்கும் நரம்பணுக்களும் தளர்கின்றன; அதனால்தான் அந்த அம்மையார் உறங்கினார்.

உமிழ்நீருக்குக் கட்டளையிடும் நரம்பணுக்களும் அதே மூளைத்தண்டில், வெகு தூரத்தில் அல்லாமல், குடியிருக்கின்றன. அங்கிருந்து புறப்படும் நரம்பு சுரப்பியை அடைந்து, அசிட்டைல் கோலின் என்ற பொருளை விடுத்து, நீர்த்த எச்சிலை ஊறச் செய்கிறது. இதைத் தவிர, கழுத்து வழியே ஏறிவரும் பரிவு நரம்பு என்ற மற்றொன்றும் சுரப்பிக்குச் செல்கிறது. அதன் தூண்டுதலால் வருவது சொற்பமும் கெட்டியுமான எச்சில். சபையில் பேசப் பயந்தவனுக்கு வாய் பசைபோல ஆகிவிடுவதை அனுபவத்தில் அறியாதவர் யார்? குளோனிடினால் முக்கியமாகக் குறைவது முதலில் சொன்ன நீர்த்த எச்சில்.

மைக்கேல் ராண்டும் அவருடைய சகாக்களும், மருந்து கடைக்கு வந்து மூன்றே ஆண்டுகளில், அதாவது 1969-இல், நாய்களில் இம்மருந்து உமிழ்நீரைத் தடுப்பதைப் பற்றித் தாங்கள் கண்டதை வெளியிட்டார்கள். பிறகு பூனைகளின் தாடையடிச் சுரப்பியில் பலரும் ஆராய்ந்தார்கள். இவ்வகைச் சோதனைகளின் தர்க்கம் சுலபமானது. எச்சிலை வரவழைக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, மூளைக்குச் செய்தி போய் அங்கிருந்து ஆணை வரும்படி மேலிருந்து தூண்டுவது. மற்றொன்று, மூளையை விட்டுவிட்டு, சுரப்பிக்குச் செல்லும் நரம்பை லுட்விக் செய்ததுபோலப் பக்கத்திலேயே தூண்டுவது. மருந்தைக் கொடுத்தபின் முதல் வழியில் வரும் எச்சில் மட்டும் குறைந்தால் தடை மூளையில். இரண்டாவது வழியிலும் குறைந்தால் தடை நரம்பின் முனையிலோ சுரப்பியிலோ. இப்படி நடந்த ஆராய்ச்சிகளின் போக்கைத் திரட்டிப் பார்த்தால், மூளை வழியாக வரும் எச்சிலை மருந்து நன்றாகக் குறைக்கிறது. நரம்பு முனையிலுள்ள ஆல்ஃபா-2 ஏற்பிகளின் வழியாக அங்கேயும் ஓரளவு கைவைக்கிறது.

இதற்கு ஒரு மறுதலைச் சான்றும் உண்டு. ஆப்பிரிக்க மரம் ஒன்றின் பட்டையிலிருந்து எடுக்கும் யோஹிம்பின் என்ற பொருள், ஆல்ஃபா-2 ஏற்பிகளை அடைத்துக்கொண்டு, குளோனிடினுக்கு அங்கே இடமில்லாமல் செய்துவிடும். பிரான்ஸில் துலூஸ் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் குளோனிடின் எதுவும் கொடுக்காத நாய்களுக்கு யோஹிம்பினை மட்டும் செலுத்தி, தாடையடிச் சுரப்பியின் எச்சில் பெருகுவதை 1989-இல் எழுதினார்கள். மருந்தே கொடாத நாயிடத்தில் தடையை நீக்கியதும் எச்சில் பெருகுகிறதென்றால், அந்தத் தடை எந்நேரமும் இயங்கிக்கொண்டிருக்கும் இயற்கையான தடை என்றே கொள்ள வேண்டும். குளோனிடின் புதிதாக ஒரு விலங்கைப் பூட்டவில்லை. உடம்பு தானே மெல்லப் பிடித்திருந்ததை இறுக்கிப் பிடித்தது.

எலிகளிடம் செய்த ஆராய்ச்சி இன்னும் சுவையானது. பிரேஸில் நாட்டுச் செடியொன்றின் இலையிலிருந்து 1875-இல் பிரித்தெடுக்கப்பட்ட பிலோகார்ப்பின் என்ற பொருள், எச்சிலைக் கொட்டச் செய்வதில் நிகரற்றது. அது சுரப்பியின் ஏற்பியை நேரே தூண்டுவது. அதற்கு நரம்பின் தயவும் வேண்டாம், மூளையின் தயவும் வேண்டாம் என்பதே நெடுங்காலக் கொள்கை. அதே பிரேஸில் நாட்டில், சாவோ பாவ்லோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் அராராகுவாரா பல் மருத்துவப் பள்ளியைச் சேர்ந்த குழுவினர் இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தக் கொள்கையைச் சோதித்தார்கள். மயக்கமூட்டிய எலியின் வாய்க்குள், முன்பே எடை போட்டு வைத்த சிறு பஞ்சு உருண்டைகளை வைத்து, பிலோகார்ப்பினைச் செலுத்தி, குறித்த நேரம் சென்றதும் பஞ்சை எடுத்து மறுபடியும் எடை போட வேண்டும். கூடியுள்ள எடை எத்தனையோ அத்தனை எச்சில். வேறு படாடோபமான கருவி ஒன்றும் இல்லை, ஒரு நல்ல தராசு இருந்தால் போதும். மூளையின் திரவ அறைக்குள் நார்அட்ரினலினையோ, குளோனிடினின் பங்காளியான மாக்சோனிடின் என்ற கொதிப்பு மருந்தையோ நுண்ணிய அளவில் முன்னதாகச் செலுத்தியிருந்தால், பஞ்சின் எடை வெகுவாகக் குறைந்தது. சுரப்பிக்குப் போகும் இரத்தக் குழாய்கள் விரிவதும் மட்டுப்பட்டது. சுரப்பியை நேரே தூண்டுவதாகக் கருதப்பட்ட பிலோகார்ப்பினே தன் வேலையில் ஒரு பங்கை மூளையின் மூலமாகத்தான் செய்துகொள்கிறது என்பதும், அந்தப் பங்கைத்தான் கொதிப்பு மருந்து பறித்துவிடுகிறது என்பதும் இதனால் பெறப்பட்டன.

ஆய்வுக்கூடத்தை விட்டு மாட்டுத் தொழுவத்துக்கு வருவோம். குளோனிடின் பிறந்த அதே 1962-இல், அதே ஜெர்மனியில், பேயர் கம்பெனியார் சைலஜின் என்ற பொருளைக் கண்டுபிடித்தார்கள். அதுவும் ஆல்ஃபா-2 ஏற்பியை நாடுவதுதான். அதையும் கொதிப்பு மருந்தாக்கவே எண்ணினார்கள். ஆனால் அது மனிதரை அளவுக்குமீறி மயக்கிவிட்டதால், மனித வைத்தியத்தில் நுழையாமல் கால்நடை வைத்தியத்தில் குடியேறிவிட்டது. கொம்பை அறுக்க, குளம்பைச் சீவ, காயத்தைத் தைக்க நம் ஊர்க் கால்நடை மருத்துவர்கள் மாட்டுக்குப் போடும் ஊசிகளில் அது பிரதானமானது. குதிரைக்குத் தேவைப்படும் அளவில் பத்தில் ஒரு பங்கே மாட்டுக்குப் போதும். அவ்வளவுக்கு மாடு இம்மருந்துக்கு வசப்படும்.

இந்த ஊசி போட்ட மாட்டைப் பார்த்தவர்கள், நான் இதுவரை சொன்னதையெல்லாம் ஒரே வார்த்தையில் மறுத்துவிடக்கூடும். ஏனென்றால், மாடு தலையைத் தொங்கப்போட்டு, கண்களைப் பாதி மூடி, நாக்கை வெளியே நீட்டி நிற்க, அதன் வாயிலிருந்து கோழை கயிறு கயிறாக வடிந்து தரையை நனைக்கும். வாயை உலர்த்தும் மருந்துக் குடும்பத்தைச் சேர்ந்த ஒன்று இப்படி எச்சிலைக் கொட்ட வைப்பது எங்ஙனம்? மாடு சாதாரணமாகவே நாள் ஒன்றுக்கு நூறு லிட்டருக்கு மேல் எச்சிலைச் சுரக்கும் பிராணி. மனிதன் சுரப்பது ஏறக்குறைய ஒரு லிட்டர்தான். அசை போடும் விலங்கின் முதல் இரைப்பையில் தீவனம் புளித்து அமிலம் உண்டாகிக்கொண்டே இருப்பதால், அதைச் சமன்செய்ய உப்புச் சத்து நிறைந்த எச்சில் இரவும் பகலும் இறங்கிக்கொண்டே இருக்க வேண்டும். தீவனத்தின் வாசனைக்காகவோ, மணியோசைக்காகவோ அது காத்திருப்பதில்லை. இந்தப் பெரு வெள்ளத்தை மாடு நாம் அறியாமல் விழுங்கிக்கொண்டே இருக்கிறது. மருந்தினால் விழுங்கும் சக்தி தளர்ந்து, தலையும் தாழ்ந்துவிட்டால், இதுவரை உள்ளே போய்க்கொண்டிருந்தது வெளியே வருகிறது. வாயிலிருந்து வடிவதையெல்லாம் புதிதாகச் சுரந்தது என்று கணக்கிடக் கூடாது. எச்சிலைப் பற்றி ஆராய்பவர்கள் வாயின் வெளியே பார்ப்பதோடு நில்லாமல் நாளத்திலேயே குழாய் பொருத்தி அளந்ததன் அவசியம் இங்கே நன்றாக விளங்குகிறது. அனுபவமுள்ள மருத்துவர், படுத்துவிட்ட மாட்டின் பிடரிக்குக் கீழே வைக்கோலை அண்டை கொடுத்து, வாய் தாழ்ந்து இருக்கும்படி செய்துவிடுவார். வடிவது தரையில் வடியட்டும், மூச்சுக்குழலில் இறங்கிவிடக் கூடாது என்பதே அவர் கவலை. முதல் நாளே தீவனத்தை நிறுத்தச் சொல்வதும் இதை உத்தேசித்துத்தான்.

நம் நாட்டு மூலிகை ஒன்றையும் இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. சர்ப்பகந்தி வேரால் இரத்தக் கொதிப்பு தணிவதை பம்பாயின் டாக்டர் ருஸ்தம் ஜால் வகீல் 1949-இல் உலகத்தார் அறிய எழுதினார். மூன்று ஆண்டுகளில் அதன் சாரமான ரெசர்பின் சுவிட்ஸர்லாந்தில் பிரித்தெடுக்கப்பட்டது. அது ஏற்பியில் அமர்வதன்று. நரம்பு முனைகளிலுள்ள நார்அட்ரினலின் சேமிப்பையே காலி செய்துவிடுவது. எலிகளுக்கு அதைப் பல நாள் தொடர்ந்து கொடுத்தபோது உமிழ்நீர்ச் சுரப்பிகளின் இயல்பே மாறிவிட்டது. அந்த மாற்றத்தில், குழந்தைகளின் சுரப்பிகள் சுரக்கும் நீரைக் கெட்டிப்படுத்தும் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பரம்பரை நோயின் சாயல் தென்படுகிறது என்று 1975-இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் எழுதியதுண்டு. ஒரே நாள் மருந்துக்கும் பல நாள் மருந்துக்கும் சுரப்பி ஒரே விதமாக விடை சொல்வதில்லை என்பதற்காகவே இதைக் குறிப்பிட்டேன். அந்த ஆராய்ச்சி வேறு திசையில் செல்வது.

பிராணிகளிடம் கற்றதை வைத்துக்கொண்டு மேல்தொட்டி சமாதானத்தை இன்னொரு முறை உரைத்துப் பார்க்கலாம். இன்று மிகுதியாக வழங்கும் அம்லோடிபின் மாத்திரையும் அழுத்தத்தைத் தாழ்த்துகிறது. ஆனால் அதனால் வாய் வறண்டவர் அபூர்வம், ஏனெனில் அது இரத்தக் குழாயின் தசையைத் தளர்த்துவதோடு நின்றுவிடுகிறது. அட்ரோபினோ, அழுத்தத்தைத் தாழ்த்தாமலேயே வாயை வறட்டிவிடுகிறது. அழுத்தம் குறைந்தும் வாய் ஈரமாக இருக்கலாம். அழுத்தம் குறையாமலும் வாய் வறளலாம்.

குளோனிடினால் வாய் வறண்டவர்களுக்கு அது அற்பத் தொல்லையன்று. எச்சில் குறைந்த வாயில் பற்கள் விரைவில் சொத்தையாகும். பல்செட் கட்டியிருப்பவர்களுக்கு ஈறு உராய்ந்து புண்ணாகும். அடிக்கடி சிறிது தண்ணீர் அருந்துவதும், சர்க்கரை இல்லாத சூயிங் கம் மெல்வதும் ஓரளவு உதவும். பல நாள் உட்கொண்டபின் வறட்சி தானே குறைந்துவிடுவதும் உண்டு. ஆனால் வாய் வறளுகிறதே என்று வெறுத்து, வைத்தியரைக் கேளாமல் இந்த மாத்திரையை ஒரேயடியாக நிறுத்திவிடுவது ஆபத்து. இத்தனை நாள் அடக்கி வைத்திருந்த நரம்புகள் கட்டவிழ்ந்து, கொதிப்பு முன்னிருந்த நிலைக்கும் மேலே ஏறி, படபடப்பும் தலைவலியும் உண்டாவது நன்கு அறியப்பட்ட விஷயம். நிறுத்த வேண்டுமானால் வைத்தியர் மேற்பார்வையில் சிறிது சிறிதாகக் குறைத்தே நிறுத்த வேண்டும்.

இந்த வறட்சியையே வேண்டி விரும்புகிறவர்களும் இருக்கிறார்கள். கடுமையான மனநோய்க்குக் கொடுக்கப்படும் குளோசபின் என்ற மருந்து, மற்ற மருந்துகளுக்கு மசியாத நோயையும் தணிப்பது. ஆனால் இரவில் தூங்கும்போது தலையணை நனையும் அளவுக்கு வாயில் எச்சிலைப் பெருக்கிவிடும். அந்த வெட்கத்துக்காகவே நல்ல மருந்தைக் கைவிட்டவர்கள் உண்டு. அவர்களில் சிலருக்கு மனநல வைத்தியர்கள் சிறு அளவில் குளோனிடினைச் சேர்த்துக் கொடுக்கிறார்கள். குளோசபினும் தன் பங்குக்கு இரத்த அழுத்தத்தைத் தாழ்த்தக்கூடியது. ஆகையால் அப்படிச் சேர்த்துக் கொடுத்த நாள் முதல், நோயாளியைப் படுக்க வைத்து ஒரு முறையும் எழுந்து நிற்க வைத்து ஒரு முறையும் அழுத்தத்தை அளந்து பார்த்துக்கொள்கிறார்கள்.